ஃபைபர் மாட்ட ஆள் வரும்போது

வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் மாட்டித் தருவது என் தொழில். புது இணைப்பு வாங்குகிறவர்கள், ஆள் கிளம்புவதற்கு முன் "பவர் மீட்டர்ல எவ்வளவு காட்டுது?" என்று கட்டாயம் கேளுங்கள். கேபிளில் வரும் ஒளி எவ்வளவு என்று டிபிஎம் என்ற அலகில் காட்டும் கருவி அது. மைனஸ் 15லிருந்து மைனஸ் 25 டிபிஎம்முக்குள் இருந்தால் சரி. மைனஸ் 28, 30 என்று மைனஸ் 27ஐத் தாண்டினால் ஒளி போதாது, ஆளை விடாதீர்கள். மோடத்தில் சிவப்பு விளக்கு அடிக்கடி எரியும். பெரும்பாலும் பச்சை கனெக்டரின் முனையில் ஒட்டிய தூசிதான் காரணம். துடைத்து மாட்டச் சொல்லுங்கள். முனையை நீங்கள் உற்றுப் பார்க்கவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத லேசர் அது.

கதவிடுக்கில் கேபிளை மடித்துச் சொருகியிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. மூலைகளில் நன்றாக வளைவு விட்டுத் திருப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், மோடத்தை டிவிக்குப் பின்னால் ஒளிக்காமல் கூடத்தில் உயரமாக வையுங்கள். வேகத்தை வயர் போட்டே சோதியுங்கள். வயர் சொருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால், 300 பிளான் போட்டாலும் 95ஐச் சுற்றியே நிற்கும்.