ரோமானியச் சுவரோவியங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி?

ரோமானிய ஓவியம் படிக்கத் தொடங்குகிறவர்கள் நேராகப் படத்தில் உள்ள ஆட்களிடம் போய்விடுகிறார்கள்: இது எந்தத் தெய்வம், என்ன கதை என்று. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் சுவரைப் பாருங்கள்.

படி 1: பூச்சைப் புரிந்துகொள்ளுங்கள்

கரடான அடிப்பூச்சுக்கு மேல் மணல் சாந்து மூன்று அடுக்கு, அதன்மேல் பளிங்குத் தூள் கலந்த சாந்து மூன்று அடுக்கு பூச வேண்டும் என்கிறார் கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் (எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பேயின் வீடுகளில் இத்தனை அடுக்குகள் இருப்பது அரிது). ஈரம் காயும் முன் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகும்போது வண்ணமும் அதற்குள் சிக்கிக்கொள்ளும், பசையே வேண்டாம். காய்வதற்குள் முடிக்க வேண்டுமே, அதனால் மேலிருந்து கீழாகப் பகுதி பகுதியாகப் பூசித் தீட்டினார்கள். அந்த இணைப்புக் கோடுகளைப் பெரிய படங்களில் தேடுங்கள்.

படி 2: பாணிக்கு ஓர் அறை

1882இல் ஔகுஸ்ட் மௌ என்ற ஜெர்மானிய அறிஞர் வகுத்த ரோமானியச் சுவரோவியத்தின் நான்கு பாணிகள்தான் இன்றும் அடிப்படை. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: சுவர் மூடியிருக்கிறதா, திறந்துகொள்கிறதா?

முதல் பாணிக்கு, பொம்பேயின் சல்லுஸ்ட் வீடு. அங்கே சாந்தையே பளிங்குக் கற்கள்போல வார்த்து வண்ணமிட்டார்கள், சுவர் சுவராகவே நிற்கிறது. இரண்டாவதுக்கு, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள பொஸ்கொரியாலே படுக்கையறை (பொம்பேய்க்கு அருகிலிருந்த மாளிகை ஒன்றின் அறை). அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் படங்கள் இலவசம். தூண்களுக்குப் பின்னால் கதவு, மாடங்கள், அடுக்கடுக்காக ஒரு நகரமே தெரியும், இங்கே நிறைய நேரம் செலவிடுங்கள். மூன்றாவதுக்கு, அதே அருங்காட்சியகத்தின் பொஸ்கோட்ரெகாசே கருப்பு அறை (இதுவும் பொம்பேய்க்கு அருகிலிருந்த மாளிகையினுடையது). இங்கே சுவர் திரும்ப மூடிக்கொள்கிறது: குச்சி குச்சியான தூண்கள், நடுவில் குட்டிக் காட்சிகள். நான்காவதுக்கு, பொம்பேயின் வெட்டி சகோதரர்களின் வீடு. இங்கே எல்லாம் கலந்து வரும். கி.பி. 62 நிலநடுக்கத்துக்குப் பிறகு பல வீடுகளைப் புதுப்பித்ததால் பொம்பேயில் இந்த நான்காம் பாணிதான் அதிகம்.

படி 3: நிறத்தை அப்படியே நம்பாதீர்கள்

கி.பி. 79இல் விசூவியஸ் எரிமலை வெடித்த வெப்பத்தில் மஞ்சள் காவி பல இடங்களில் சிவப்பாக மாறிவிட்டது. விலையுயர்ந்த சாதிலிங்கச் சிவப்போ வெளிச்சம் பட்டுக் கறுக்கும்.

படி 4: நீங்களே வரையுங்கள்

ஒரு சுவரை எடுத்து, கீழ், நடு, மேல் பட்டைகளையும் செங்குத்துப் பிரிவுகளையும் மட்டும் பென்சிலில் கோடு போடுங்கள். அழகாக வர வேண்டியதில்லை.

அப்புறம் ஆட்களிடம் வாருங்கள், பொம்பேயின் மர்மங்களின் மாளிகையிலிருந்து தொடங்கலாம். அங்கே சிறகுள்ள உருவம் ஒரு சுவரில் நின்று சாட்டையை ஓங்குகிறது, அதற்கு முதுகைக் காட்டி மண்டியிட்டிருக்கும் பெண்ணோ மூலைக்கு அந்தப் பக்கம், அடுத்த சுவரில் இருக்கிறாள். தனித்தனியாக வெட்டிய படங்களில் இது தெரியவே தெரியாது, முழு அறையின் படத்தைத் தேடிப் பாருங்கள்.