ஹெட்லைட்டுக்கு ரிலே: மோல்மேன் மழைக்கும் தாங்கும் வயரிங்

பர்மாவில் பெகுவிலிருந்து தட்டோன் வழியாக மோல்மேன் போகிற சாலையில், கரண்ட் போன ராத்திரியில் பைக்கின் ஹெட்லைட்டை விட்டால் வேறு வெளிச்சம் கிடையாது. அது மங்கினால் எல்லாரும் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் பல்பில் இல்லை. சாவி, லைட் சுவிட்ச், டிம்மர், நடுவே நாலைந்து கனெக்டர் என்று மெல்லிய வயரில் சுற்றி வருவதற்குள் கரண்டில் ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடுகிறது. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ரிலே என்பது சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதைப் போட்டால் பேட்டரியிலிருந்து பல்புக்கு நேர்வழி கிடைக்கும். பழைய சுவிட்ச் அந்த வழியைத் திறந்து மூடினால் போதும்.

ரிலே வாங்குமுன் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள். சிறிய 110, 125 சிசி பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. எஞ்சினோடு சுழன்று கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோவின் ஏசியில், அதாவது திசை மாறி மாறிப் பாயும் கரண்டில், எரிகிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக வெளிச்சம் ஏறினால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, டிசி (பேட்டரி தரும் ஒருதிசைக் கரண்ட்) 20 வோல்ட் அளவில் ஹோல்டரை அளந்து பாருங்கள். பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில்கூட வராவிட்டால் அது ஏசி. அதில் சாதாரண ரிலேயைப் போட்டால் தடதடவென்று அடித்து உள்முனை கருகிவிடும். அந்த பைக்குக்கு இந்த முறை வேண்டாம்.

டிசி என்றால் லைட்டை எரியவிட்டு, மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையை பல்பின் கரண்ட் காலிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்ட். எர்த் பக்கமும் இதேபோல் அளக்கவும். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கனெக்டர்களைச் சுத்தம் செய்வதே போதும்.

பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனி இழையுள்ள எச்4 60/55 வாட் பல்புக்குத் தேவையானவை: கார்களில் போடும் நாலு கால் 12 வோல்ட் 30 ஆம்ப் ரிலே இரண்டு, 15 ஆம்ப் ஃபியூஸும் அதன் ஹோல்டரும், 2 சதுர மில்லிமீட்டர் வயர் சிவப்பிலும் கறுப்பிலும் இரண்டிரண்டு மீட்டர், சுவிட்ச் பக்கத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் வயர், பீங்கான் எச்4 ஹோல்டர். முந்தும்போது லைட்டை மின்னவைக்கும் பாஸ் சுவிட்சை அழுத்தும்போது இரண்டு இழையும் சேர்ந்து எரிந்தால் ஏறக்குறைய 9 ஆம்ப் இழுக்கும். அதனால்தான் 10 ஆம்ப் ஃபியூஸ் போதாது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பாசிட்டிவிலிருந்து வரும் சிவப்பு வயரில், பேட்டரிக்கு 15 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸ் காப்பது வயரை. அதற்கு முன்னால் உள்ள துண்டு ஃபிரேமில் உரசினால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவுமில்லை. ரிலேயின் ஒவ்வொரு கால் பக்கத்திலும் அதன் எண் போட்டிருக்கும். ஃபியூஸிலிருந்து இரண்டு ரிலேயின் 30ஆம் காலுக்கும் பிரியுங்கள். ஒன்றின் 87 புது ஹோல்டரின் டிம் காலுக்கு, மற்றதன் 87 பிரைட் காலுக்கு. பழைய ஹோல்டரில் வந்த டிம் வயர் முதல் ரிலேயின் 86க்கு, பிரைட் வயர் இரண்டாவதன் 86க்கு. 85 இரண்டும் எர்த். பல்பின் எர்த்தையும் 2 சதுர மில்லிமீட்டர் வயரில் பேட்டரி நெகட்டிவ் வரை கொண்டுபோய்விடுங்கள். ஃபிரேமில் மாட்டினால் கரண்ட் கிரீஸ் பூசிய ஹேண்டில் பேரிங் வழியாகத் திரும்ப வேண்டியிருக்கும்.

நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். ஹோண்டாவில் பச்சை எர்த், வெள்ளை டிம், நீலம் பிரைட். யமஹாவிலோ பச்சை டிம், மஞ்சள் பிரைட், கறுப்பு எர்த். யாராவது முன்பே கைவைத்த பைக் என்றால் இதுவும் செல்லாது. மீட்டர் சொல்வதுதான் கணக்கு. ஐந்து கால் ரிலே கிடைத்தால் நடுவிலுள்ள 87ஏ காலைத் தொடவே வேண்டாம். ரிலே அணைந்திருக்கும்போது கரண்ட் வருவது அதில்தான். பல்பை அங்கே மாட்டினால் சாவியை எடுத்த பிறகும் எரிந்து, விடிவதற்குள் பேட்டரி செத்துவிடும்.

மோல்மேன் மழையில் முதலில் பழுதாவது ரிலேயின் கால்கள்தான். காலெல்லாம் கீழே பார்த்தபடி மாட்டி, வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வயர் முனையில் மாட்டும் டெர்மினலைக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது இடுக்கியால் நசுக்கி இறுக்குங்கள். ஈயம் வைத்து ஒட்டிய இடத்தின் ஓரம் அதிர்வில் முறியும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, எந்த வயரும் இழுபடவில்லை என்று உறுதி செய்த பிறகே கட்டுங்கள்.

முடித்ததும் மறுபடி அளந்தால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். லைட் எரிய, மிதமான ஆக்ஸிலேட்டரில் பேட்டரி 13 வோல்ட்டுக்கு மேல் நிற்காவிட்டால் சார்ஜிங்கைப் பாருங்கள், அது வயரிங் குற்றமல்ல. வழி சீரானதும் 100/90 வாட் பல்பு மாட்ட ஆசை வரும். வேண்டாம்: பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் உருகும், மேக்னெட்டோவும் ஈடுகொடுக்காது.

வெளிச்சம் கூடினால் எதிரே வருகிறவர் கண்ணும் கூடக் கூசும். சுவருக்கு 5 மீட்டர் தள்ளி, பைக்கில் ஆள் உட்கார்ந்திருக்க, டிம் ஒளியின் மேல்விளிம்பு லைட்டின் நடுப்புள்ளியைவிட 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கட்டும். அந்த விளிம்பு இடப்பக்கம் மேலேறினால் அது தாய்லாந்துபோல் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான லென்ஸ். பர்மாவில் 1970 முதல் வலப்பக்கம் ஓட்டுகிறோம். அந்த ஒளி நேரே எதிராளியின் கண்ணில் விழும். எவ்வளவு தாழ்த்தித் திருகினாலும் அது சரியாகாது, லென்ஸைத்தான் மாற்ற வேண்டும்.