ரசத்துக்கு ஒரு தக்காளி, தொக்குக்கு ஒரு தக்காளி

மாடியில் தக்காளி வைக்கப் போகிறேன், எந்த ரகம் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் தக்காளி அதிகம் செலவாவது எதற்கு? பாக்கெட்டில் உள்ள படத்தைப் பார்த்து விதை வாங்கினால் செடி அழகாகக் காய்க்கலாம், அடுப்படியில் அதற்கு வேலை இருக்காது.

நாங்கள் மதுரைக்காரர்கள். வீட்டில் தினமும் ரசம் உண்டு. ரசத்துக்குப் புளிப்பு வேண்டும், சாறு வேண்டும், கையால் பிசைந்தால் தோல் தானாகக் கழன்று வர வேண்டும். சந்தையில் பெங்களூர் தக்காளி என்று விற்பது இதற்கு ஆகாது. தோல் கெட்டி, சதை அதிகம், சாறு குறைவு. பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்ற வசதியான தக்காளி அது. மாடியிலிருந்து அடுப்படிக்கு லாரி எதற்கு? கடையில் கிடைக்கிற ரகத்தையே மெனக்கெட்டு மாடியிலும் வளர்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

அதனால் என் முதல் ஓட்டு பி.கே.எம் 1-க்கு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து, அதன் மரபணுவில் ஏற்படுத்திய சடுதி மாற்றத்தின் மூலம் உருவாக்கியது. வயது சுமார் 135 நாள். பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நல்ல உருண்டையாக இருக்காது, மேலும் கீழும் லேசாக அமுக்கியதுபோலத் தட்டையாக இருக்கும். காம்பைச் சுற்றி மட்டும் கரும்பச்சையாக ஒரு வட்டம். கீழ்ப்பாதி சிவந்த பிறகும் அந்தப் பச்சை போக நேரமாகும். பழுக்கவில்லை என்று சிலர் பறிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பழம் முழுக்க ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று பல காலம் ரகங்களைத் தேர்ந்தெடுத்ததில், காயில் பச்சையம் சேர்க்கும் ஒரு மரபணு வேலை செய்யாமல் போய்விட்டது, அதனால் பழத்தில் சர்க்கரையும் குறைந்தது என்று 2012-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். காம்பைச் சுற்றி இப்படிப் பச்சை வட்டம் இருக்கிற தக்காளியைக் கண்டால் எனக்குப் பிடிக்கும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பி.கே.எம் 1 குட்டை ரகம். ஓரளவு வளர்ந்து, கிளைகளின் நுனியில் பூ வைத்து, அதோடு உயரம் நின்றுவிடும். 12 அங்குலப் பையும் ஒரு குச்சியும் போதும். இதில் பக்கக் கிளைகளைக் கிள்ளாதீர்கள். கிள்ளச் சொல்லும் வீடியோக்கள் கொடி போல ஏறிக்கொண்டே போகும் ரகங்களுக்கானவை. குட்டை ரகத்தில் கிள்ளினால் காய்க்கிற கிளைதான் போகும்.

தொக்கு, சாஸ் என்று காய்ச்சி வைக்கிற வீடு என்றால் ரோமா. நீள்வாட்டப் பழம், விதையும் நீரும் குறைவு, சீக்கிரம் சுண்டிவிடும். இதுவும் குட்டை ரகம்தான். ஒரு தொல்லை உண்டு: பழத்தின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் உள்வாங்கும். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் பை நிரம்ப ஊற்றுகிறவர்கள் வீட்டில் இது நிச்சயம் வரும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதைவிடத் தண்ணீரைச் சீராக ஊற்றுவதுதான் உடனடியாக உதவும்.

குழந்தைகள் இருந்தால் ஒரு பையில் செர்ரி தக்காளி. கொடி ரகம், பெரிய பையும் கயிறும் வேண்டும். வெயில் ஏறிய பிறகும் பெரிய பழ ரகங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். பழம் அடுப்படிக்கு வந்து சேராது, அது வேறு விஷயம்.

வருடா வருடம் இலைச்சுருட்டு வருகிற மாடியா? குருத்து இலைகள் சிறுத்து மேல்நோக்கிச் சுருண்டு, செடி குறுகி நின்றுவிடும். செடியைத் தட்டினால் வெள்ளையாகப் பூச்சி பறக்கும், அந்த வெள்ளை ஈதான் வைரஸைப் பரப்புகிறது. வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது, பிடுங்கிவிடுங்கள். அடுத்த முறை அர்கா ரக்ஷக் போடுங்கள். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வீரிய ஒட்டு ரகம். இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் மூன்றையும் தாங்கும், பழம் 90 முதல் 100 கிராம் வரும். ருசியில் பி.கே.எம் 1-க்கு அடுத்துதான் என்பேன். ஆனாலும் ஒரு பையாவது இருக்கட்டும், மற்றவை படுத்தால் இது கைகொடுக்கும்.

பிராண்டிவைன், பிளாக் கிரிம் என்று ஆன்லைனில் வருகிற வெளிநாட்டு ரகங்கள் பற்றியும் கேட்கிறார்கள். கொடைக்கானல், ஊட்டியில் இருந்தால் தாராளமாக வையுங்கள். சமவெளியில் ஆசைக்கு ஒரு பை, அதற்குமேல் வேண்டாம்.

ரகம் சரியாக இருந்தும் மாதம் தப்பினால் பலனில்லை. இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேல் நின்றால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்கத் தடுமாறும். சித்திரையில் பூ கொட்டுகிறது, என்ன உரம் போடலாம் என்றால், உரம் எதுவும் இல்லை. கார்த்திகைத் தொடக்கத்தில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, 25 நாளில் எடுத்து நட்டால் தையில் பூக்கும், மாசியில் பறிக்கலாம். ஆடியில் விதைத்தால் பழுக்கிற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும், மெல்லிய தோல் ரகங்கள் வெடித்துவிடும். ஆடிப் பட்டத்துக்கு என்றால் கெட்டித் தோல் ரகமே மேல்.

அப்புறம் விதை. அர்கா ரக்ஷக் போல, இரண்டு செடிகளைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்து வைத்தால் தாய்ச்செடி மாதிரி வராது, ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும். பி.கே.எம் 1-இல் அந்தக் கவலை இல்லை. நோயில்லாத செடியில், நன்றாகப் பழுத்ததைப் பறித்து, விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் இரண்டு நாள் விடுங்கள். புளித்து மேலே ஆடை கட்டும், வாடையும் வரும். வழுவழுப்பு போகிற வரை அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைத் தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.