முதலில் பாட்டியிடம் கேளுங்கள், ஸ்கேன் பிறகு

வீட்டில் பழைய போட்டோ பெட்டி இருந்தால், ஸ்கேனர் வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நல்ல கருப்பு வெள்ளைப் பிரிண்ட் இன்னும் பல வருடம் தாங்கும். அதில் நிற்பது யார் என்று சொல்லக்கூடியவர் அத்தனை வருடம் இருப்பாரா? அதனால் பேச்சுதான் முதல் வேலை.

பாட்டியோ தாத்தாவோ களைப்பில்லாமல் இருக்கும் நேரம் பாருங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் படம் போதும். அவர்களிடம் சொல்லிவிட்டு போனில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். தேதி, பேசுபவர் பெயர், படத்தின் எண் மூன்றையும் ஆரம்பத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் எந்தக் குரல் எந்தப் படத்துக்கு என்று தேடி அலைய வேண்டிவரும். கண் மங்கியவர் என்றால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

"இது யாரு?" என்று மட்டும் கேட்டால் பெயர் வரும், கதை வராது. ஓரத்தில் இருப்பதைக் கேளுங்கள். என் பாட்டியும் அவர் அக்காவும் சிறுமிகளாக நிற்கும் ஒரு படத்தில், அக்காவின் தோளில் ஒரு கை மட்டும் தெரியும். கைக்குரியவர் படத்துக்கு வெளியே. "இது யாரு கை பாட்டி?" என்று கேட்டேன். "எங்கப்பா கைடா. அவ ஆடிக்கிட்டே இருந்தா, அதான் பிடிச்சுக்கிட்டாரு. நான் ஆடவே இல்ல" என்று ஆரம்பித்தவர், அப்பாவின் கோபம், நடை, குரல் என்று போய்க்கொண்டே இருந்தார். கொள்ளுத்தாத்தாவுக்கு வேறு படமே எங்களிடம் கிடையாது. அந்தக் கை ஒன்றுதான்.

ஒரே முகத்துக்குப் பாட்டி ஒரு பெயரும் அத்தை ஒரு பெயரும் சொன்னால் தீர்ப்பு சொல்லாதீர்கள். யார் என்ன சொன்னார்கள் என்று இரண்டையும் எழுதுங்கள். யாரைப் பற்றியாவது பேச மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். பதிவுக்காக ஒருவரை அழவைப்பது சரியில்லை.

பெயரைப் படத்தின் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம். அதன் தடம் முன்பக்கம் முகத்தில் புடைக்கும். 1970களுக்குப் பிறகு பரவலான பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது. அதற்குத் தனித்துண்டில் எழுதி உறையில் சேர்த்து வையுங்கள்.

ரப்பர் பேண்டை இன்றே கழற்றுங்கள். அதிலுள்ள கந்தகம், கருப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்கும் வெள்ளியைக் கெடுக்கும். பசைப் பக்க ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலை அடியில் செலுத்தி மெதுவாக அறுத்தெடுங்கள். அசையவில்லையா, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். போட்டோ சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிய படத்தையும் பிய்க்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். புது உறை வாங்கும்போது பிவிசி பிளாஸ்டிக்கைத் தவிர்த்து பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் கேளுங்கள்.

ஸ்கேனில் கலர் படங்களுக்கு முதலிடம் கொடுங்கள். 70, 80களின் கலர் பிரிண்டுகள், அவற்றுக்கு முந்தைய கருப்பு வெள்ளையைவிட வேகமாக வெளுத்துச் சிவக்கின்றன. 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு ஸ்கேனர் பதியும் புள்ளிகள்) போதும்; தீப்பெட்டி அளவுப் படத்துக்கு 1200. தரம் குறையாமல் வைத்திருக்கும் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். பின்பக்கத்தில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். முகத்தைப் பளிச்சென்று ஆக்கும் வேலையெல்லாம் நகலில் மட்டும். நெகட்டிவ் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், பிரிண்டைவிட அதில்தான் விவரம் அதிகம்.

கடைசியில் ஒரு நகலை வெளி ஹார்ட் டிஸ்கிலும், இன்னொன்றை வேறு வீட்டில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள். பெயர் தெரியாத படங்களைத் தனியாக எடுத்துச் சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். பதில் வந்தால், சொன்னவர் பெயரோடு அதையும் சேர்த்து எழுதுங்கள்.