வடசென்னையில் முஸ்லிம்களின் கருத்தைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் வந்தால் போதும், கல்லூரிப் பிள்ளைகள் படிவத்தோடு வண்ணாரப்பேட்டை, மண்ணடி, புளியந்தோப்பு என்று இறங்கிவிடுகிறார்கள். விட்டுப்போன வயது, எழுத்துப்பிழை எல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம். சரிசெய்ய முடியாதவை இவை.

ஜும்மா முடிந்து வாசலில் நிற்பது

2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்ட முஸ்லிம்கள் 9.45 சதவீதம். 400 பேரிடம் கேட்டால் சுமார் 38 பேர்தான் சிக்குவார்கள். 400 பேருக்குப் பிழை வரம்பு 5 சதவீதப் புள்ளி. 38 பேருக்கு 16. பாதிப்பேர் ஆதரவு என்று வந்தால், உண்மை 34 ஆகவும் இருக்கலாம், 66 ஆகவும் இருக்கலாம்.

இது தெரிந்ததும் எண்ணிக்கையை ஏற்ற, வெள்ளிக்கிழமை மதியம் மண்ணடியில் பள்ளிவாசல் முன் போய் நிற்கிறார்கள். படிவங்கள் மளமளவென்று நிரம்பும். வேலை மொத்தமும் அங்கேயே பாழ். பெண்கள் அநேகமாக இல்லை. தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்புகிறவருக்கு வீடு வேறு தொகுதியில். சிலருக்கு ஓட்டே ராமநாதபுரம் பக்கம். தொழுகைக்கு வராதவர் கணக்கிலேயே இல்லை. பக்கத்தில் ஜமாஅத் பெரியவர் நிற்கும்போது "பாய், யாருக்கு ஓட்டு?" என்றால், அவர் காதுக்கேற்ற பதில்தான் வரும். 1,000 படிவம் சேர்த்தாலும் இந்தக் கோணல் நிமிராது. இதை ஒரு சமூகத்தின் குரல் என்று டிவியில் வாசிக்கும்போது வயிறு எரிகிறது.

வாக்காளர் பட்டியலில் பாகங்களை, அதாவது ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் உரிய பகுதிகளை, குலுக்கி எடுங்கள். முஸ்லிம்கள் நெருங்கி வாழும் தெருக்களோடு கலந்து வாழும் தெருக்களும் வேண்டும். வீட்டில் 18 நிரம்பியவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கோ, அவரிடம் மட்டும் கேளுங்கள். ஆள் இல்லையா, வேறு வேளையில் இரண்டு தடவை போங்கள். பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பாதீர்கள். பெண்களிடம் பெண்களே பேசட்டும். உருது பேசும் வீடுகளுக்கு உருது தெரிந்தவர் போகட்டும். இப்படி 200 முஸ்லிம்களைச் சேர்த்தால், 400 பேர் சாம்பிளின் மொத்தக் கணக்கில் ஒவ்வொருவருக்கும் வெயிட்டேஜ், அதாவது அவர் பதிலுக்குத் தரும் எடை, 0.19 தான்; 38 பேர் இடத்தில் 200 பேர் இருப்பதால் 38-ஐ 200-ஆல் வகுத்தது.

வளர்ச்சியைப் பங்காகப் படிப்பது

2001-11இல் இந்திய முஸ்லிம் மக்கள்தொகை 24.6 சதவீதம் கூடியது. மொத்தத்தில் அவர்கள் பங்கு 13.4-லிருந்து 14.2 ஆனது, அவ்வளவுதான். முந்தைய பத்தாண்டில் வளர்ச்சி 29.5. தேசியக் குடும்பநல ஆய்வுப்படி 1992-93இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள்; 2019-21இல் 2.36. இறங்கும் கோட்டை ஏறுமுகமாக நீட்டி 2050-க்கு ஆரூடம் சொல்வது அநியாயம்.

எல்லை

மேலே சொன்ன 2011 சென்னை எண்ணில் (9.45) வடக்கே உள்ள திருவொற்றியூர், மணலி, மாதவரம் கிடையாது. அவை 2018இல்தான் மாவட்டத்துக்குள் வந்தன.

ரம்ஜான் மாதம்

நோன்பு திறக்கும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள்.