உப்புக்காற்று அடிக்கும் கொல்லையில் தோட்டம் போடுவது எப்படி?

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் நாங்கள் வீடு வாங்கியபோது கொல்லையில் ஒரு புல்கூட இல்லை. செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு நாற்பதுக்கு அறுபது அடி சொந்த மண் என்பது லேசுப்பட்ட விஷயமா? பின்வேலியைத் தாண்டினால் மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் பெர்ணம் ஆற்றில் போய்ச் சேரும் ஓடை. கடல் ஏறினால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் ஓடையும் ஏறும். சாயங்காலம் காற்று வாங்க அருமையான இடம். ஆனால் முதல் வருஷம் நான் வைத்த மா, ரோஜா, கறிவேப்பிலை எல்லாம் இலை நுனியிலிருந்து கருக ஆரம்பித்து ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. வாழை மட்டும் நாலு மாதம் இழுத்துக்கொண்டு கிடந்தது.

கடைசியில் வாங்க வேண்டிய செடியை நான் முதலில் வாங்கிவிட்டேன். தண்ணீர், மண், காற்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் நர்சரி பக்கமே போகவேண்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: குச்சி நடுங்கள்

செடிக்கு முன்னால் குச்சி. ஐந்தாறு மூங்கில் குச்சியோ பிவிசி குழாய்த் துண்டோ போதும். வேலியிலிருந்து வீட்டை நோக்கி பத்தடிக்கு ஒன்றாக ஒரே நேர்கோட்டில் நட்டுவிடுங்கள்.

நம் மேற்குக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆயிர் பாசாங், அதாவது கடல் ஏற்றம் வரும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில்தான் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும். வீட்டில் அமாவாசை விரதம் இருப்பவர் இருந்தால் தனியாக அட்டவணை தேட வேண்டாம், விரதத்துக்கு மறுநாள் கொல்லைக்குப் போனால் சரி. மார்ச், செப்டம்பரை ஒட்டி வரும் ஏற்றம் இன்னும் பெரியது. அதில் ஒன்றையாவது பார்த்துவிட்டுத் திட்டம் போடுவது நல்லது.

தண்ணீர் கரையைத் தாண்டி வந்தால்தான் வெள்ளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கொல்லையில் அது கரையைத் தாண்டவே இல்லை, கீழிருந்து ஊறியது. காலையில் காய்ந்து கிடந்த தரை, ஏற்ற நேரத்தில் கால் வைத்தால் சொதசொத என்றிருந்தது. குச்சியில் ஈரம் ஏறிய உயரத்தை மார்க்கரால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் போதும், உங்கள் கொல்லையின் படம் கிடைத்துவிடும்.

குச்சி நட நேரமில்லாதவர்களுக்கு இரண்டு அடையாளம் சொல்கிறேன். நண்டு வளை எதுவரை இருக்கிறதோ அதுவரை உப்புத் தண்ணீர் வந்து போகிறது. நாலு நாள் மழையில்லாமல் வெயில் அடித்தபின் தரையில் மாவு தூவினாற்போல் வெள்ளை படிந்தால் அது உப்பு. பெரியவர்கள் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பக்கத்தில் எவர் வீட்டுக் கழிவு ஓடுகிறதோ, அந்த வேலை வேண்டாம்.

கரை நம்முடையது இல்லை

சின்ன விஷயம்தான், ஆனால் பின்னால் தலைவலி. ஓடையோர நிலமும் மண்கரையும் பெரும்பாலும் அரசாங்க ரிசர்வ், அதைக் கவனிப்பது வடிகால் நீர்ப்பாசனத் துறை, நம் பேச்சில் ஜேபிஎஸ். கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில் இருக்கும் அளவைப் பார்த்து எல்லைக்கல்லைக் கண்டுபிடித்து, அதற்கு இந்தப் பக்கம் மட்டும் கை வையுங்கள். கரையின் மேல் மரம் நடவே கூடாது. வேர் போன வழியில் தண்ணீர் வழி கண்டுகொள்ளும்.

மண்: ஆழமாகத் தோண்டாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். என் பணமும் ஒரு வருஷமும் போனது இங்கேதான்.

தாமரைக்குளம் ஒன்று வெட்டலாம் என்று ஆசைப்பட்டேன். ஆள் வைத்து மூன்றடி தோண்டினோம். மேலே ஒன்றரை அடி கொட்டி நிரப்பிய செம்மண், அதற்குக் கீழே வழவழப்பான சாம்பல்நிறக் களி. வெளியே எடுத்ததும் அழுகிய முட்டை வாடை. பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர், எங்களுக்குப் பாக்சிக், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஜாங்ஙான் காலி டாலாம்-டாலாம்" என்றார். ஆழமாகத் தோண்டாதே என்கிறார். சரி பாக்சிக், சரி பாக்சிக் என்று தலையாட்டிவிட்டுத் தோண்டிக்கொண்டே இருந்தோம்.

களியை வேலியோரம் குவித்து வைத்தோம். சில வாரத்தில் கட்டி கட்டியாக வெடித்து, வெடிப்புக்குள் மஞ்சள் அரைத்துப் பூசினாற்போல் வரி வரியாக நிறம் ஓடியது. மழை பெய்து அந்தக் குவியலிலிருந்து தண்ணீர் வடிந்த பாதையில் புல் பொசுங்கிப்போனது. குளத்திலே நின்ற தண்ணீரோ கண்ணாடிபோல் அவ்வளவு தெளிவு. எனக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தெளிவுதான் ஆபத்து என்று அப்போது தெரியாது. புளிப்பு ஏறிய தண்ணீரில் கரைந்து வரும் அலுமினியம், கலங்கல் துகளையெல்லாம் ஒன்றுசேர்த்து அடியில் படிய வைத்துவிடும். விட்ட மீன் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நடந்தது இதுதான். ஒரு காலத்தில் பாக்காவ் காடாக, அதாவது சதுப்புநிலக் காடாக இருந்த சேறு இது. அதில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்கிறவரை அது யாருக்கும் கெடுதல் செய்யாது. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறும். மண்ணின் பிஹெச் 4-க்குக் கீழே இறங்கிவிடும். கிளாங் முதல் பாகான் டத்தோ வரை கடலோரத் தாழ்நிலத்தில் பல இடத்தில் இந்த மண் உண்டு.

அதனால் முதலில் சோதனை. மண்வெட்டியால் ஒன்றரை அடிக்கு ஒரு சின்னக் குழி. களி வருகிறதா, வாடை இருக்கிறதா, மஞ்சள் வரி தெரிகிறதா? அலங்கார மீன் கடையில் பிஹெச் தாள் கிடைக்கும். ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு மழைத்தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, தாளை நனைத்துப் பாருங்கள். 5.5-க்கு மேல் என்றால் கவலையில்லை. 4.5-க்குக் கீழே என்றால் சுண்ணாம்பு தேவை. தோட்டத்தில் ஜிஎம்எல் என்பார்களே, மக்னீசியம் கலந்த அந்தச் சுண்ணாம்புக்கல் தூள்தான். பத்துக்குப் பத்தடி இடத்துக்குச் சுமார் 4 கிலோ தூவி, மேல்மண்ணில் அரையடிக்குக் கொத்திக் கலந்துவிட்டு, ஒரு மாதம் மழையில் விடுங்கள். பிறகு மறுபடி தாளை நனைத்துப் பாருங்கள்.

களியை அது வந்த குழியிலேயே தள்ளி மூடினேன். இனிமேல் காற்றுப் படாமல் அது தண்ணீருக்கடியில் தூங்கட்டும்.

பள்ளம் வெட்டுவதற்குப் பதில் மேடு கட்டுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஐந்தடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு மேடு. செம்மண், மக்கிய ஆட்டெரு, தேங்காய்நார்த் தூள் கலந்தால் போதும். ஊறி வரும் உப்பு வேருக்கு எட்டாது, மேலேயிருந்து மழை உப்பைக் கழுவிக்கொண்டே இருக்கும். மண் வாங்கும்போது லோரி கொட்டுவதற்கு முன் ஏறிப் பாருங்கள். எனக்கு வந்த முதல் லோரியில் பாதி உடைந்த ஓடும் சிமெண்டுக் கட்டியும்தான்.

தண்ணீருக்கு வழி

மேடு கட்டியதும் நடுவில் பள்ளம் தானாக வந்துவிடும். அதையே ஆழமில்லாத பாரிட்டாக, அதாவது வாய்க்காலாக ஆக்கிக்கொள்ளலாம், பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருந்தால் போதும். சாலையோரக் கானுக்கு, அதாவது சாக்கடைக்கு விடுவது எளிது. ஓடைப் பக்கம்தான் விடமுடியும் என்றால் ஜேபிஎஸ் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குழாயின் வாயில் ஒருவழி மூடி ஒன்று கட்டாயம் வேண்டும். உள்ளேயிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், வெளியே ஓடை ஏறினால் மூடிக்கொள்ளும். பெரிய வாய்க்காலில் இருக்கும் மதகு செய்கிற வேலைதான். மாதம் ஒருமுறை அதில் சிக்கிய இலையை எடுத்துவிடுங்கள். ஒரு தேங்காய் மட்டை மாட்டினால் போதும், மூடி பாதி திறந்தபடி நிற்க, அன்றைய ஏற்றம் முழுவதும் கொல்லைக்குள்.

ஓரத்தில் சுவரா, வேரா?

புது வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது கான்கிரீட் சுவர். வசதி இருந்தால் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நேர்ச்சுவரில் மோதும் தண்ணீர் திரும்பி அடியில் மண்ணை அரிக்கும். அடி போனால் சுவர் சாயும். என் கை போனது வெட்டிவேருக்கு. வேலிக்கு உட்புறச் சரிவில் நான்கிலிருந்து ஆறு அங்குலத்துக்கு ஒரு தூராக நெருக்கி நட்டால், ஒரு வருஷத்தில் பச்சைச் சுவர். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் மூன்று மீட்டர்கூடப் போகும். மிதமான உப்பைத் தாங்கும். முதல் மூன்று மாதம் மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் தானாக வளர்ந்த நீப்பாப் பனை, பெரெம்பாங், பாக்காவ் மாதிரி ஓடையோர மரம் எதையும் வெட்டாதீர்கள். காட்சியை மறைக்கிறது என்று வெட்டியவர்கள் வீட்டில் அடுத்த பெரிய ஏற்றத்தில் கரை சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். கோலா சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் படகேறிப் போய் மின்மினி பார்க்கிறோமே, அவை உட்கார்ந்திருப்பது இதே பெரெம்பாங்கில்தான். உங்கள் ஓடையிலும் இருக்கலாம். பின்பக்க வெள்ளை விளக்கை ஒரு ராத்திரி அணைத்துவிட்டுப் பாருங்கள்.

காற்றுக்குத் திரை

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் திடீரென்று ஒரு காற்று தூக்கியடிக்கும், சுமத்ரா பக்கமிருந்து வருவது. தகரம் பறப்பதும் இலை முழுக்க உப்புத் தூறல் படிவதும் அப்போதுதான். இதற்கு மதில் சரிப்படாது, காற்று மேலேறி உள்ளே சுழன்று விழும். பாதிக் காற்றை விட்டு பாதியைப் பிடிக்கிற மரவரிசைதான் வேண்டும்.

எந்த மரம் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், நெய்தல் நிலத்துக்கு நம் பாட்டன் பூட்டன் சொல்லிவைத்த பெயர்களே போதும். புன்னை, தாழை, அடும்பு மூன்றும் இங்கேயும் கடலோரத்து இயல்பான செடிகள்தான். புன்னையை மலாயில் பெனாகா லாவுட், பிந்தாங்கோர் என்று கேட்டால் நர்சரியில் தெரியும். மெதுவாக வளர்ந்து பெரிதாகப் படரும், வீட்டிலிருந்து 25 அடி தள்ளி வையுங்கள். பூவரசு உப்பையும் தாங்கும், நீர் தேங்கினாலும் பொறுக்கும். கிளையை ஒடித்து ஊன்றினாலே துளிர்க்கும். தாழை முள், பிள்ளைகள் ஓடும் பக்கம் வேண்டாம். அடும்பு மணலுக்குத்தான். போர்ட்டிக்சன் மாதிரி மணல்கரை வீட்டுக்காரர்கள் படரவிடுங்கள், எங்கள் களிமண்ணில் அது முரண்டு பிடித்தது. இடையிடையே நொச்சி வைத்தால் கீழ்ப்பக்கம் அடையும், தலைவலிக்கு ஆவி பிடிக்க இலையும் ஆயிற்று.

தென்னை சொல்லவே வேண்டாம், பாகான் டத்தோக்காரர்களுக்குத் தென்னையைப் பற்றி நான் எழுதினால் சிரிப்பார்கள். பிலிப்பைன்ஸில் தென்னைக்கு உப்பை உரமாகவே போடுகிறார்கள், அவ்வளவு ஒத்துப்போகும். குட்டைப் பாண்டான் ரகம் என்றால் மூன்று நான்கு வருஷத்தில் இளநீர். மரத்துக்கு மரம் 25 அடி விடுங்கள், கூரைக்கு மேல் வராத இடமாகப் பாருங்கள். காண்டாமிருக வண்டுதான் எதிரி. அது அழுகும் செம்பனைத் தண்டிலும் எருக்குவியலிலும் முட்டையிடும். மில்லிலிருந்து பழம் பிரித்த வெறுங்குலை ஓசியில் கிடைக்கிறது என்று குவித்து வைக்காதீர்கள். மரத்தைச் சுற்றி ஒரே அடுக்காகப் பரப்பினால் நல்ல மூடாக்கு. மலையாகக் குவித்தால் வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி.

இப்போது நர்சரிக்குப் போகலாம்

அக்டோபர் மழை தொடங்கும்போது நடுவது உத்தமம், தவறினால் ஏப்ரல். மரவரிசைக்கு ஒரு வருஷம் கொடுத்துவிட்டு, அதன் மறைவில் மென்மையான செடிகள். சமையலறை வாசல் பக்கம் கறிவேப்பிலை, முருங்கை, மிளகாய், இவை எல்லாம் மேட்டில் மட்டும். முருங்கைக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஒரே வாரத்தில் அழுகிவிடும். செராய், அதாவது எலுமிச்சைப்புல், எங்கே வைத்தாலும் வரும். இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளித்த மண் பிடிக்கும், சுண்ணாம்பு போட்ட பாத்தியில் வைக்காதீர்கள். காகிதப்பூ உப்புக்கும் வெயிலுக்கும் அசராது. அரளியும் அப்படித்தான், சாமிக்கும் ஆகும். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாம் விஷம், ஆடு வளர்ப்பவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் விட்டுவிடுங்கள். ரோஜாவைத் தொட்டியில் வைத்து முன்வாசலில் வளர்க்கிறேன், தோல்வியை ஒப்புக்கொண்டாயிற்று.

புல்லுக்கு, வழக்கமான மாட்டுப்புல் வீட்டோரத்தில் நன்றாக வரும், உப்பு ஊறும் கடைசிப் பத்தடியில் வராது. அங்கே கடலோரப் பாஸ்பாலம் புல் கேளுங்கள். இல்லாவிட்டால் சரளைக்கல் பரப்பி ஒரு பெஞ்சைப் போட்டுவிடுங்கள், நாங்கள் அதைத்தான் செய்தோம்.

பராமரிப்பு

உப்புக்காற்று அடித்த மறுநாள் மழை இல்லையென்றால் குழாய்த் தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள். வெட்டிவேரை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாராங் கத்தியால் ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, வெட்டியதை அங்கேயே மேட்டில் மூடாக்காகப் போடலாம். தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.

குச்சிகளைப் பிடுங்கிவிடாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு பெரிய ஏற்றத்திலும் கோடு போட்டு வையுங்கள். எங்கள் மூன்றாவது குச்சியில் இந்த மார்ச் கோடு, போன மார்ச் கோட்டுக்கு ஒரு விரல் மேலே இருந்தது. அதனால் கறிவேப்பிலை மேட்டுக்கு இன்னும் இரண்டு வண்டி மண் சொல்லியிருக்கிறேன்.