செடி வாடுச்சுன்னா உடனே தண்ணி ஊத்தாதீங்க

மாடித்தோட்டத்துல செடி சாகறது பெரும்பாலும் தண்ணி இல்லாம இல்லங்க, ஊத்தி ஊத்தியே தான். மத்தியான வெயில்ல கத்தரி, சுரை இலையெல்லாம் தொங்கிப்போய் நிக்கும், பாத்தா மனசு கேக்காது, ஒரு சொம்பு ஊத்திருவோம், ஆனா அது சூடு தாங்காம தொங்கறது, வெயில் இறங்கினா தானா நிமிந்துரும். சாயங்காலமும் நிமிரலைன்னா விரலை ரெண்டு கணு வரைக்கும் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா ஊத்தவே வேணாம். எந்நேரமும் சொதசொதன்னு இருந்தா வேருக்கு காத்து போகாம அழுகிடும், வேர் அழுகின செடியும் தண்ணி இல்லாத மாதிரியே தான் வாடும், அதப் பாத்துட்டு இன்னும் ஊத்துவோம். நான் அப்படி ஆறு கத்தரிச் செடிய இழந்தேன், புடுங்கிப் பாத்தா வேரெல்லாம் பழுப்பு, தொட்டதும் தோல் உருவிட்டு வருது, இன்னைக்கு நினைச்சாலும் கஷ்டமா இருக்கு.

மண்ணும் ஒரு காரணம். வெறும் செம்மண்ண குரோ பேக்ல, அதாவது செடி வளக்கற பைல, ரொப்பினா கொஞ்ச நாள்ல செங்கல் மாதிரி இறுகிடும். செம்மண், கொக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்), நல்லா மக்கின தொழுவுரம் மூணும் சமமா கலந்துக்கோங்க. கொக்கோபீட்ல உப்பு இருக்கும், ஊற வச்சு ரெண்டு மூணு தடவை அலசி புழிஞ்சிட்டு தான் போடணும். பச்சை சாணி வேணவே வேணாம், மக்கும்போது சூடேறி வேர் பொசுங்கிடும்.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிக்கறவங்க உச்சி வெயில்ல அடிக்காதீங்க, இலை கருகிடும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கூட கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமா இலைக்கு அடிப்பக்கமும் நனையுற மாதிரி அடிங்க.

அப்புறம் எல்லாரும் கேக்கறது, பூ நிறைய வருது காய் நிக்கலைன்னு. உடனே உரம் கொட்டாதீங்க. பூசணி, சுரை, பீர்க்கன்ல எல்லாம் முதல்ல ஆண் பூ தான் வரும், அது உதிரத்தான் செய்யும். பெண் பூவுக்கு அடியில குட்டிப் பிஞ்சு இருக்கும், அது மஞ்சளாகி விழுதுன்னா பெரும்பாலும் பெண் பூவுக்கு மகரந்தம் வந்து சேரலைன்னு அர்த்தம். ஆண் பூவப் பறிச்சு இதழ உரிச்சிட்டு நடுவுல இருக்க மகரந்தத்த பெண் பூ நடுவுல மெதுவா தடவிவிடுங்க. பூசணிக்கு விடியக்காலைல, சுரைக்கும் பீர்க்கனுக்கும் சாயங்காலம் பூ விரிஞ்சப்புறம். இந்த நேரம் தெரியாம சுரைப்பூவ காலைல போய் தடவிட்டு வேலைக்காகலைன்னு விட்டவங்க நிறைய பேர். தடவின ரெண்டு மூணு நாள்ல பிஞ்சு பச்சையாவே இருந்து பெருக்க ஆரம்பிச்சா காய் நின்னுருச்சு.